பட்டியல் சொல்வதே வன்முறை: கலிஃபோர்னியாவில் முன்கூட்டிய பரோல் எப்படி நடக்கிறது

பரோல் என்றால் தமிழ்நாட்டில் நமக்கு லீவுதான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தங்கைக்குக் கல்யாணம் என்று காரணம் சொல்லி, சில நாள் வீட்டுக்கு வந்துவிட்டுக் குறித்த தேதியில் சிறை வாசலில் போய் நிற்க வேண்டும். 2017 ஆகஸ்டில் பேரறிவாளன் 26 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தது இந்த வகையில்தான். அரசு விதிகளில் அதற்குப் பெயர் தண்டனை நிறுத்திவைப்பு. நிரந்தரமாக வெளியே வருவதை நாம் முன்விடுதலை என்கிறோம். அது வேறு கோப்பு, வேறு மேசை.

அமெரிக்காவில் பரோல் என்றால் இந்த இரண்டாவது விஷயத்துக்குக் கிட்டத்தில் வரும். தண்டனை முழுவதும் முடியும் முன்பே வெளியே விடுவார்கள். அதன்பின் ஒரு பரோல் அதிகாரியின் கண்ணில் படும்படி வாழவேண்டும், நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே. ஆனால் அங்கும் எல்லாருக்கும் அது கிடையாது. மத்திய அரசின் சட்டப்படி தண்டிக்கப்பட்டவர்களுக்கு, 1987 நவம்பர் 1க்குப் பிறகு செய்த குற்றமென்றால், பரோல் என்ற ஏற்பாடே இல்லை. மாநிலச் சிறைகளில் மாநிலத்துக்கு ஒரு விதி. ஆகவே "வன்முறை செய்யாத ஒருவருக்கு சீக்கிரம் பரோல் கேட்க முடியுமா?" என்று யாராவது கேட்டால், எந்தச் சிறை என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இது மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று, டிரம்ப் முதல்முறை ஜெயித்த அதே தேர்தல் நாளில், கலிஃபோர்னிய வாக்காளர்களில் சுமார் 64 சதவீதம் பேர் அரசியல் சாசனத்தைத் திருத்தும் 57ஆம் முன்மொழிவு என்ற ஒன்றுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதன் மையமான வாக்கியத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: வன்முறையற்ற பெருங்குற்றத்துக்காக மாநிலச் சிறைக்கு அனுப்பப்பட்ட எவரும், தமது முதன்மைக் குற்றத்துக்கான முழுத் தண்டனையை முடித்தபின், பரோல் பரிசீலனைக்குத் தகுதி பெறுவார்.

படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் 'வன்முறையற்ற', 'முதன்மைக் குற்றம்', 'பரிசீலனை' ஆகிய மூன்று சொற்களும் நாம் நினைக்கிற பொருளில் அங்கே இல்லை.

முதலில் இது எப்படி வந்தது என்ற கதை. 1917 முதல் கலிஃபோர்னியாவில் நீதிபதி இத்தனை ஆண்டு என்று துல்லியமாகத் தீர்ப்பு எழுத மாட்டார். ஒன்றிலிருந்து பத்து வரை என்பதுபோல ஒரு வரம்பைச் சொல்வார். எப்போது விடுவது என்பது பரோல் வாரியத்தின் கையில். வாரியம் ஆள் பார்த்து, நிறம் பார்த்து முடிவெடுக்கிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. சிறைவாசிகளுக்கோ எப்போது வெளியே போவோம் என்றே தெரியாத தவிப்பு. 1976இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதை மாற்றிக் கையெழுத்திட்டார். அதன்பின் பெரும்பாலான குற்றங்களுக்கு இத்தனை ஆண்டு என்று எண்ணிக்கை தீர்ப்பிலேயே வந்துவிட்டது. அதோடு பெரும்பாலானவர்களுக்கு வாரியத்தின் முன் போய் நிற்கும் வேலையும் இல்லாமல் போயிற்று.

அப்புறம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. எண்ணிக்கை சட்டத்தில் இருந்தால், அந்த எண்ணிக்கையை ஏற்றுவது அரசியல்வாதிகளுக்குச் சுலபம். ஒவ்வொரு பயங்கரச் சம்பவத்துக்குப் பிறகும் ஒரு கூடுதல் தண்டனைப் பிரிவு சேர்ந்தது. துப்பாக்கி இருந்தால் இத்தனை, ஏற்கெனவே சிறை சென்றிருந்தால் இத்தனை என்று. 1994இல் வந்தது 'மூன்று ஸ்ட்ரைக்' சட்டம். முன்பு ஒரு கடுமையான குற்றம், அதாவது ஒரு 'ஸ்ட்ரைக்', செய்திருந்தால் இப்போதைய தண்டனை இரட்டிப்பு. இரண்டு செய்திருந்தால், மூன்றாவது எந்தப் பெருங்குற்றமாக இருந்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை (2012இல்தான் இதைத் தளர்த்தினார்கள்). தலா 399 டாலர் விலையுள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு அந்த 25 ஆண்டு கிடைத்தது. சுமார் 150 டாலர் மதிப்புள்ள ஒன்பது வீடியோ கேசட்டுகளைத் திருடிய இன்னொருவருக்கு 50 ஆண்டு. இரண்டு தண்டனைகளையும் 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்றது.

சிறை நிரம்பியது. 80,000 பேருக்குக் கட்டிய இடத்தில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டு 200 பேர், 54 பேருக்கு ஒரு கழிப்பறை. தற்கொலை எண்ணம் உள்ளவர்களைத் தொலைபேசிக் கூண்டு அளவுள்ள கம்பிக் கூண்டுகளில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆறேழு நாளுக்கு ஒருவர் தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால் சாகிறார் என்று ஒரு நீதிமன்றம் 2005இல் பதிவு செய்தது. கடைசியில் 2011இல் உச்ச நீதிமன்றம், மறுபடியும் ஐந்துக்கு நான்கு, கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவா என்ற கீழ் நீதிமன்ற உத்தரவை உறுதி செய்தது. அப்போது பிரதிவாதியாக நின்ற ஆளுநர் யார் தெரியுமா? அதே ஜெர்ரி பிரவுன். இடையில் 28 ஆண்டு இடைவெளிவிட்டு மறுபடி பதவிக்கு வந்திருந்தார். 1976இல் போட்ட கையெழுத்துக்கு எதிர்பாராத விளைவுகள் இருந்தன என்று அவரே ஒப்புக்கொண்டார். 57ஆம் முன்மொழிவை முன்னின்று கொண்டுவந்தவரும் அவர்தான். தன் கையெழுத்தைத் தானே திருத்த 40 ஆண்டு கழித்து வாய்ப்புக் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

சரி, முதல் சொல்லுக்கு வருவோம். 'வன்முறையற்ற' என்பதற்கு அந்த முன்மொழிவில் விளக்கமே கிடையாது. சிறைத்துறை ஒரு வழி கண்டுபிடித்தது. கலிஃபோர்னியத் தண்டனைச் சட்டத்தில் 667.5 என்ற பிரிவின் கீழ் 'வன்முறைக் குற்றங்கள்' என்று 23 வகை கொண்ட ஒரு பழைய பட்டியல் உண்டு. வேறொரு காரியத்துக்காக, கூடுதல் தண்டனை கணக்கிடுவதற்காக, எழுதியது. அதில் இருந்தால் வன்முறை, இல்லாவிட்டால் வன்முறையற்றது. அவ்வளவுதான்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடையில் சட்டையைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன் வாசலில் காவலாளியைத் தள்ளிவிட்டால், அது வழிப்பறிக் குற்றமாக மாறலாம். வழிப்பறி பட்டியலில் இருக்கிறது. அவன் வன்முறையாளன். மனைவியை அடித்துக் காயப்படுத்தியவன் மீது அந்தக் குற்றம் மட்டும் நிரூபணமானால், அது பட்டியலில் இல்லை. அவன் வன்முறையற்றவன். ஆயுதத்தால் தாக்குவதும், கொடுங்காயம் நிரூபிக்கப்படாதவரை, அப்படியே. வீடு புகுந்து திருடுவதில் இன்னொரு வேடிக்கை. அந்த நேரம் வீட்டில் யாராவது இருந்தால் வன்முறை, ஆள் இல்லாவிட்டால் இல்லை.

எதிர்த்தரப்பு இதை விடாமல் சொன்னது, அதில் நியாயமும் இருந்தது. பட்டியலை விரிக்க 2020இல் 20ஆம் முன்மொழிவு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாக்காளர்கள் சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். என் பார்வையில் தவறு பட்டியல் சிறிதாக இருப்பதில் இல்லை. ஒரு குற்றத்தின் சட்டப்பெயரை வைத்து ஒரு மனிதரின் அபாயத்தை அளக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் கோளாறு. நடைமுறை இதை மறைமுகமாக ஒத்துக்கொள்கிறது. எப்படி என்று பின்னால் வரும்.

பட்டியலின் ஓரங்களில் வழக்குகள் குவிந்தன. 25 முதல் ஆயுள் வரை தண்டனை பெற்ற மூன்றாம் ஸ்ட்ரைக்காரர்களைச் சிறைத்துறை முதலில் சேர்க்கவில்லை. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேர்க்கச் சொன்னது. முன்பு எப்போதோ பாலியல் குற்றம் செய்து பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை, இப்போதைய குற்றம் வன்முறையற்றதாக இருந்தாலும், வெளியே நிறுத்தியிருந்தார்கள். 2020 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதுவும் செல்லாது என்றது. 'எவரும்' என்று மக்கள் எழுதியிருக்கிறார்களே, எவரும்தான் என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அப்படியானால் எவரும் என்றால் உண்மையிலேயே எவருமா? ஒருவர் ஒன்பது வழிப்பறி, ஆறு திருட்டுப் பொருள் வாங்கிய குற்றம், எல்லாம் சேர்த்து 29 ஆண்டு தண்டனை பெற்றிருந்தார். வழிப்பறி வன்முறை. திருட்டுப் பொருள் வாங்கியது வன்முறையற்றது. "நானும் வன்முறையற்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன்தானே, சாசனத்தில் அப்படித்தானே இருக்கிறது" என்று கேட்டார். கீழ்மன்றம் ஆமாம் என்றது. சொல்லுக்குச் சொல் படித்தால் அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அப்படிப் படித்தால், வழிப்பறி மட்டும் செய்தவனுக்குப் பரோல் இல்லை, வழிப்பறியோடு இன்னொரு சின்னக் குற்றமும் சேர்த்துச் செய்தவனுக்கு உண்டு என்றாகிவிடும். 2022 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், வாக்காளர்கள் இதை நினைத்து வாக்களித்திருக்க மாட்டார்கள் என்று கூறிச் சிறைத்துறையின் பக்கம் நின்றது. கலந்த குற்றமென்றால் வெளியே.

அடுத்தது முதன்மைக் குற்றம். இங்கேதான் முன்மொழிவின் உண்மையான பலம். கொடுக்கப்பட்ட தண்டனைகளில் எந்த ஒரு குற்றத்துக்கு அதிக ஆண்டோ, அதுதான் முதன்மைக் குற்றம். அதன்மேல் ஏற்றிய கூடுதல் தண்டனை, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்த மற்றக் குற்றங்களின் தண்டனை, ஸ்ட்ரைக் காரணமாக வந்த இரட்டிப்பு, எதையும் எண்ணக் கூடாது. பல ஆண்டுகளாக ஏற்றிவைத்த அடுக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு அடியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பது.

ஒரு கணக்குப் போடுவோம். கோகைன் விற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கற்பனை ஆள்தான். நடுத்தரத் தண்டனை 4 ஆண்டு. பழைய ஸ்ட்ரைக் ஒன்று இருப்பதால் இரட்டிப்பு, 8 ஆண்டு. கூடவே ஆளில்லாத கடையை உடைத்த வழக்கு ஒன்று. அதற்கு நடுத்தரத் தண்டனையான 2 ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, 8 மாதம். அதுவும் இரட்டித்து 16 மாதம். மொத்தம் 9 ஆண்டு 4 மாதம். 57ஆம் முன்மொழிவின்படி அவர் பரோல் பரிசீலனைக்குத் தகுதி பெறுவது 4 ஆண்டு முடிந்ததும்.

பாதிக்கும் குறைவு! கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்னடத்தைக் கழிவு என்ற இன்னொரு கணக்கும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக இருந்தால், படித்தால், பயிற்சி வகுப்பு முடித்தால் தண்டனையில் நாட்கள் கழியும். இந்தக் கழிவு விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் அதே முன்மொழிவுதான் சிறைத்துறைக்குக் கொடுத்தது. முதலில் இவரைப் போன்ற இரண்டாம் ஸ்ட்ரைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. அப்படியானால் சுமார் 6 ஆண்டு 3 மாதத்தில் எப்படியும் வெளியே வருவார். 4 ஆண்டில் கிடைக்கும் பரோல் அவருக்கு இரண்டே கால் ஆண்டு லாபம். 2021 மே மாதம் விகிதத்தைப் பாதியாக உயர்த்தினார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் பலர் நீதிமன்றம் போனார்கள், அது தனிக்கதை. பாதிக் கழிவு என்றால் எந்த வாரியத்தையும் கேட்காமல் 4 ஆண்டு 8 மாதத்திலேயே வெளியே. பரோலின் லாபம் எட்டு மாதமாகச் சுருங்கிவிட்டது.

இதோடு ஒரு சின்ன விதியையும் சேர்த்துப் பாருங்கள். விடுதலைத் தேதிக்கு இன்னும் 180 நாட்கள்கூட இல்லாதவரை வாரியத்துக்கு அனுப்பவே மாட்டார்கள். நம் கற்பனை ஆள் இரண்டொரு பயிற்சி வகுப்பை முடித்திருந்தால் அந்த எட்டு மாதம் ஆறுக்குள் வந்துவிடும். பரிசீலனையே நடக்காது. ஒரு கையால் திறந்த கதவை இன்னொரு கை தேவையில்லாமல் செய்துவிட்டது. இது குறை அல்ல, வெளியே வருவது எப்படியும் நடக்கிறது. ஆனால் 'சீக்கிரம் பரோல் கிடைக்குமா' என்று கேட்கும் குடும்பம் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் வக்கீலுக்குப் பணம் கட்டினால் வீண் செலவு. கழிவு நாட்கள் விடுதலைத் தேதியைத்தான் முன்னால் இழுக்கும், பரோல் தகுதித் தேதியை அசைக்காது என்பதும் பலர் தவறவிடுகிற சங்கதி.

இனி பரிசீலனை. பரோல் விசாரணை என்றவுடன் நம் மனதில் ஒரு படம் வரும். நீண்ட மேசை, மூன்று பேர், எதிரே கைகட்டி நிற்கும் கைதி, "திருந்திவிட்டீர்களா?" என்ற கேள்வி. ஆயுள் வரை நீளும் தண்டனை பெற்ற மூன்றாம் ஸ்ட்ரைக்காரர்களுக்கு அப்படி நேரடி விசாரணை உண்டு, வழக்கறிஞரும் உண்டு. மற்றவர்களுக்கு, அதாவது குறிப்பிட்ட ஆண்டு எண்ணிக்கை உள்ளவர்களுக்கு, எதுவும் கிடையாது. காகிதம் மட்டும். பரோல் வாரியத்தின் அதிகாரி ஒருவர் கோப்பைப் படிக்கிறார், முடிவை எழுதி அனுப்புகிறார். சிறைவாசியின் முகத்தை அவர் பார்ப்பதேயில்லை.

இதற்கு மனு போட வேண்டியதும் இல்லை. சிறைத்துறையே தகுதியைப் பார்த்து வாரியத்துக்கு அனுப்பும். சிறைவாசிக்கும், சம்பந்தப்பட்ட மாவட்டத்தின் அரசு வழக்கறிஞருக்கும், பதிவு செய்துகொண்ட பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிப்பு போகும். 30 நாளுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம்.

அதிகாரி கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இவரை விட்டால் சமூகத்துக்கு நியாயமற்ற அளவில் வன்முறை அபாயமோ, பெரிய குற்றச்செயல் அபாயமோ இன்று இருக்கிறதா? அதற்காக அவர் பார்ப்பவை: இப்போதைய குற்றத்தில் ஆயுதம் இருந்ததா, யாருக்காவது காயமா, கடந்த 15 ஆண்டில் வன்முறைக் குற்றத் தண்டனை உண்டா, சிறைக்குள் நடத்தை எப்படி, என்னென்ன வகுப்புகள் முடித்திருக்கிறார். ஆக, வாசலில் பட்டியலை வைத்து 'வன்முறையற்றவர்' என்று உள்ளே விட்ட அமைப்பு, உள்ளே வந்ததும் வன்முறையைப் பற்றித்தான் மறுபடி முதலிலிருந்து கேட்கிறது. பட்டியலை மட்டும் நம்ப முடியாது என்று அதற்கே தெரியும்.

சிறைக்குள் '115' என்று ஒரு எண் புழங்கும். விதிமீறல் அறிக்கைக்கு அந்தப் படிவத்தின் எண்ணே பெயராகிவிட்டது. கைபேசி பிடிபட்டாலும் 115, சண்டை போட்டாலும் 115. அப்படிப்பட்டவர்களைச் சிறைத்துறையே வடிகட்டி, வாரியத்துக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டிருந்தது. 2019இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தகுதி தருவது சாசனம், அதைப் பறிக்க உனக்கு அதிகாரமில்லை என்று. ஆனால் அந்த 115 கோப்பில்தான் இருக்கும், அதிகாரி படிப்பார். முன்பு வாசலில் நின்ற தடை இப்போது மேசைமேல் இருக்கிறது, அவ்வளவே.

முகம் பார்க்காத பரிசீலனையில் கடிதம்தான் முகம். சிறைவாசிகளும் குடும்பத்தாரும் எழுதும் கடிதங்களில் இரண்டு வகை வீணாகிப்போகும். ஒன்று, "என் மகன் நிரபராதி, போலீஸ் பொய்க் கேஸ் போட்டது." அது மேல்முறையீட்டில் சொல்லவேண்டியது. இங்கே சொன்னால், இன்னும் பொறுப்பேற்கவில்லை என்று படிக்கப்படும். இரண்டாவது, "அவன் ரொம்ப நல்லவன், பாசக்காரன், பிள்ளைகள் ஏங்குகின்றன." மனம் இளகும், ஆனால் அபாயம் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது. அதிகாரிக்குத் தேவை ஆள் எந்த வீட்டில் தங்குவார், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலைக்கு யார் கூப்பிட்டிருக்கிறார்கள், போதைப் பழக்கம் இருந்தால் எந்தச் சிகிச்சை மையத்தில் சேரப்போகிறார், பழைய கூட்டாளிகள் இருக்கும் பேட்டைக்கே திரும்புகிறாரா இல்லையா என்பதெல்லாம். முகவரியும் சம்பளமும் எழுதிய ஒரு மெக்கானிக் கடை முதலாளியின் நாலு வரிக் கடிதம், மூன்று பக்கக் கண்ணீரைவிட அதிகம் பேசும். சிறைவாசி தன் கைப்படத் தன் குற்றத்தை எப்படி எழுதுகிறார் என்பதும் முக்கியம். "நடந்துவிட்டது" என்று எழுதுகிறவரும் "செய்தேன்" என்று எழுதுகிறவரும் அதிகாரிக்கு ஒரே ஆளாகத் தெரிய மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் கடிதம் வரும். 2022 ஏப்ரல் 3 அன்று சாக்ரமென்டோ நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். கைதானவர்களில் ஒருவர் இரண்டு மாதத்துக்கு முன்புதான் சிறையிலிருந்து வந்தவர். தோழியை அடித்த வழக்கில் 2018இல் 10 ஆண்டு தண்டனை பெற்றவர், பட்டியலின்படி வன்முறையற்றவர். '57ஆம் முன்மொழிவு கொலைகாரர்களை அவிழ்த்துவிடுகிறது' என்று கூச்சல் கிளம்பியது. ஆனால் விவரம் வேறு மாதிரி இருந்தது. 2021இல் அவருடைய பரோல் பரிசீலனை வந்தபோது மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் எதிர்த்துக் கடிதம் எழுதியது, வாரியம் அதை ஏற்றுப் பரோலை மறுத்தது. பிறகு அவர் வெளியே வந்தது கழிவு நாட்களின் கணக்கில். வழக்கில் தீர்ப்பு வருமுன் 2024இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார், ஆகவே அவர் குற்றவாளியா என்பதைச் சட்டம் கடைசிவரை சொல்லவில்லை. நான் இதை எடுத்தது வேறு காரணத்துக்கு. ஒரு மனிதர் கோப்பைப் படித்து, யோசித்து, வேண்டாம் என்றார். யாரும் யோசிக்காமல் தானாக ஓடுகிற கணக்கு ஆளை வெளியே விட்டது. கோபமெல்லாம் திரும்பியதோ பரோல் மேல்.

மறுத்தால் என்ன செய்யலாம்? 30 நாளுக்குள், முடிவில் உண்மைப் பிழையோ சட்டப் பிழையோ இருக்கிறது, அல்லது முன்பு தரமுடியாத புதுத் தகவல் இருக்கிறது என்று மறுபரிசீலனை கேட்கலாம். இன்னொரு அதிகாரி பார்ப்பார். கோப்பில் வேறொருவரின் 115 ஒட்டிக்கொண்டிருப்பதுபோன்ற பிழைகள் கண்ணில் பட்டால் இந்த வழி பயன்படும். 'இரக்கம் காட்டுங்கள்' என்பதற்கு இது இடமில்லை. அதுவும் போனால், விடுதலைத் தேதி இன்னும் தள்ளி இருக்கும்பட்சத்தில், ஒரு வருடம் கழித்துக் கோப்பு தானாக மறுபடி மேசைக்கு வரும். அந்த ஒரு வருடத்தில் முடித்த வகுப்பின் சான்றிதழ் கோப்பில் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று சிறை ஆலோசகரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. முடித்த வகுப்பு முடிக்காததாகவே கிடக்கும் கோப்புகள் எந்த நாட்டு அலுவலகத்திலும் உண்டு.